வளையும் இறக்கை: செய்தால் போதுமா, பேண வேண்டாமா?

ராயபுரம், காசிமேடு பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் பருந்து புதிய பறவை அல்ல. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் நடக்கும் நேரத்தில் அது மேலே வட்டமிடும். அப்போது அதன் இறக்கை அகல விரிந்திருக்கும். நுனி இறகுகள் கைவிரல்கள் போலப் பிரிந்து நிற்கும். கீழே ஒரு மீன் துண்டு கண்ணில் பட்டதும், இறக்கையைப் பாதி மடக்கிக்கொண்டு சர்ரென்று இறங்கும். தரையை நெருங்கியதும் மறுபடி விரித்து, குடை போலக் குவித்து, வேகத்தைக் குறைக்கும். துண்டைப் பற்றிக்கொண்டு மேலே போய்விடும்.

எல்லாம் சில விநாடிகள்தான். அதற்குள் அதன் இறக்கை மூன்று உருவம் எடுத்துவிடுகிறது.

மனிதன் செய்த ஆகாய விமானத்தால் இப்படி முடியுமா? கொஞ்சம் முடியும். பருந்து அளவுக்கு முடியாது. முடிய வேண்டும் என்று 100 ஆண்டுகளுக்கு மேலாக என்ஜினீயர்கள் பாடுபடுகிறார்கள். உருவம் மாறும் இறக்கை என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை.

"அது அமெரிக்காக்காரன், ரஷியாக்காரன் சமாசாரம். நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். நமக்கு நிறைய இருக்கிறது. அந்த ஆசை இதுவரை எங்கே தடுக்கி விழுந்தது என்று பார்த்தால், தடுக்கிய இடம் பெரும்பாலும் ஒன்றுதான். அதைச் சரிசெய்யும் திறமை படம் வரையும் மேஜையில் மட்டும் இல்லை, பட்டறையிலும் இருக்கிறது. பட்டறைகள் நிறைந்த வடசென்னைக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ஏன் உருவம் மாற வேண்டும்?

விமானத்தை முன்னே தள்ளுவது என்ஜின். மேலே தாங்குவது இறக்கை. விமானம் ஓடும்போது இறக்கையின் மேலும் கீழும் காற்று பாய்கிறது. இறக்கையின் வளைவும் சாய்வும் அந்தக் காற்றைக் கீழ் நோக்கித் திருப்புகின்றன. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது.

வேகம் இரண்டு மடங்கானால், அதே உயரத்தில் அதே இறக்கை நான்கு மடங்கு தூக்கும். வேகம் பாதியானால், தூக்கும் சக்தி கால் பங்காகக் குறைந்துவிடும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரயாணிகள் விமானம் நடு வானத்தில் மணிக்கு 800 கிலோ மீட்டருக்கு மேல் போகிறது. மீனம்பாக்கத்தில் இறங்கும்போது அதன் வேகம் சுமார் 250 கிலோ மீட்டர்தான். மெதுவாகப் போகும்போது விமானத்தைத் தாங்க, பெரிய, நன்றாக வளைந்த இறக்கை வேண்டும். வேகமாகப் போகும்போது அதே பெரிய இறக்கை தொல்லை. காற்று அதைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும். எரிபொருள் வீணாகும்.

மழையில் நடக்கும்போது குடை அகலமாக இருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது அதே குடை ஒரு கைப்பிடிக்குள் அடங்க வேண்டும். மடக்கத் தெரியாத குடையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் எப்படி இருக்கும்? மாறாத இறக்கையை வைத்துக்கொண்டு பறப்பதும் அப்படித்தான்.

இப்போது இருக்கும் ஏற்பாடு

விமானத்தில் போனவர்கள் ஜன்னல் வழியாக இதைப் பார்த்திருப்பார்கள். இறங்கும் நேரத்தில் 'உர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். இறக்கையின் பின் ஓரத்திலிருந்து பெரிய பலகைகள் வெளியே வந்து கீழே சாயும். இவற்றுக்குப் பிளாப் என்று பெயர். முன் ஓரத்திலும் சில பலகைகள் நகரும். அவை ஸ்லாட். இரண்டும் சேர்ந்து இறக்கையைப் பெரிதாக்கி, வளைவையும் கூட்டுகின்றன. மேலே ஏறியதும் உள்ளே போய்விடுகின்றன.

நமது நாட்டுத் தேஜஸ் போர் விமானத்திலும் முன் ஓரத்தில் ஸ்லாட் உண்டு. 2001-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி முதன்முதலாகப் பறந்த விமானம் அது. கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்தில் அதற்கென்று ஒரு படைப்பிரிவே இருக்கிறது.

ஆகவே, உருவம் மாறும் இறக்கை ஓரளவு ஏற்கனவே நம்மிடம் இருக்கிறது. ஆனால் பலகை நகர வேண்டும் என்றால் கீல் வேண்டும், தண்டவாளம் வேண்டும், மோட்டார் வேண்டும். பிரயாணிகள் விமானத்தின் இறக்கைக்கு அடியில் சிறு படகுகளைக் கவிழாமல் ஒட்டி வைத்தது போன்ற கூடுகள் தெரியும். அவற்றுக்குள்தான் இந்தச் சாமான்கள் இருக்கின்றன. அத்தனையும் கனம். போதாததற்கு, பலகையின் பக்க ஓரங்களில் இடைவெளி விழுகிறது. அதில் காற்று சுழன்று இரைச்சல் போடுகிறது. விமானத்தைப் பின்னுக்கு இழுக்கவும் செய்கிறது.

பறவையின் இறக்கையில் இப்படிப்பட்ட பிளவு இல்லை. எல்லாம் வழவழவென்று ஒன்றாக மாறுகிறது. அதைப் போலச் செய்ய முடியாதா என்பதுதான் கேள்வி.

முதல் விமானமே வளைந்தது

ஆச்சரியம் என்னவென்றால், உலகின் முதல் விமானத்தின் இறக்கை வளையும் இறக்கைதான்.

அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், 1899-ம் ஆண்டு ஒரு பெரிய பட்டத்தைச் செய்து, கயிறுகளால் அதன் இறக்கையை முறுக்கிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் முறுக்கினால் பட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 1903-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி அவர்களுடைய விமானம் 12 விநாடி பறந்து 120 அடி கடந்தது. அதிலும் அதே வித்தைதான். விமானி குப்புறப் படுத்துக்கொண்டு இடுப்பை அசைத்தால், கம்பிகள் இழுத்து இறக்கையை முறுக்கும்.

அப்புறம் ஏன் அதைக் கைவிட்டார்கள்? விமானத்தின் வேகம் கூடியது. கொடியில் காயும் வேட்டியைப் பாருங்கள். இளங்காற்றில் மெல்ல ஆடும். பலத்த காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். சில நேரம் கிழிந்தும் போகும். வளையும் இறக்கைக்கும் அதே ஆபத்து உண்டு. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் காற்றே இறக்கையை ஆட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் பெருகிப் பெருகி இறக்கை முறிந்துவிடும். ஆகவே இறக்கையை விறைப்பாகச் செய்து, நகர வேண்டிய பலகைகளைக் கீல் போட்டு மாட்டினார்கள். அந்த வழக்கம்தான் இன்றுவரை நீடிக்கிறது.

முன்னும் பின்னும் போன இறக்கை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு துணிச்சலான யோசனை வலுப்பெற்றது. இறக்கை முழுவதையும் ஒரு பெரிய அச்சாணியில் மாட்டிவிட்டால் என்ன? இறங்கும்போது இரண்டு கைகளையும் நீட்டியது போல அகலமாக வைக்கலாம். வேகமாகப் போகும்போது பின்னுக்குத் தள்ளி அம்பு போல ஆக்கலாம். 1951-ம் ஆண்டு அமெரிக்காவின் எக்ஸ்-5 என்ற சோதனை விமானம் இப்படிப் பறந்து காட்டியது. பின்னால் எப்-111, எப்-14, ரஷியாவின் மிக்-23 ஆகிய போர் விமானங்கள் வந்தன.

பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஆனால் மூன்று தொல்லைகள் கூடவே வந்தன.

முதல் தொல்லை, எடை. விமானத்தின் பாரம் முழுவதும் அந்த இரண்டு அச்சாணிகளில் தொங்குகிறது. அவற்றை மிகக் கெட்டியாகச் செய்ய வேண்டும். ஒலியை விட வேகமாகப் பறக்கும் பிரயாணிகள் விமானம் கட்டுவதற்காக அமெரிக்காவில் போட்டி நடந்தது. 1966-ம் ஆண்டுக் கடைசியில் போயிங் கம்பெனி, நகரும் இறக்கைத் திட்டத்தைக் காட்டி அதில் ஜெயித்தது. வேலையில் இறங்கிய பிறகுதான் எடை ஏறிக்கொண்டே போவது தெரிந்தது. 1968-ம் ஆண்டு நகரும் இறக்கையையே கைவிட்டு, அசையாத இறக்கைக்கு மாறினார்கள். 1971-ம் ஆண்டு சர்க்கார் பண உதவியை நிறுத்தியது. அந்த விமானம் பறக்கவே இல்லை.

இரண்டாவது தொல்லை, விரிசல். 1969-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் பயிற்சியில் இருந்த ஓர் எப்-111 விமானத்தின் இறக்கை நடு வானத்தில் பிய்ந்தது. விமானிகள் இருவரும் மாண்டார்கள். சுமார் 100 மணி நேரமே பறந்திருந்த புது விமானம் அது. அச்சாணியைத் தாங்கும் உருக்குப் பாகத்தில், செய்யும்போதே விழுந்த ஒரு விரிசலை யாரும் கவனிக்கவில்லை. அந்த ரக விமானங்கள் அத்தனையையும் தரையிலேயே நிறுத்திச் சோதித்தார்கள்.

மூன்றாவது தொல்லை, பராமரிப்பு. அசையும் பாகம் தேயும். தேய்ந்தால் பார்க்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும், மாற்ற வேண்டும். எப்-14 விமானம் ஒரு மணி நேரம் பறக்க, தரையில் உள்ளவர்களின் உழைப்பைக் கூட்டினால் பல பத்து மணி நேரம் ஆகும். 2006-ம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை அதற்கு விடை கொடுத்ததற்கு இந்தச் செலவு ஒரு முக்கியக் காரணம்.

நமது மிக்-27

இந்தக் கதையில் நமது நாடும் இருக்கிறது. நமது விமானப்படையில் மிக்-23, மிக்-27 என்று இரண்டு ரக நகரும் இறக்கை விமானங்கள் இருந்தன. மிக்-27 விமானத்தை, ரஷியாவின் அனுமதி பெற்று, நாசிக் அருகே உள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையில் நாமே கட்டினோம். ஒன்றல்ல, இரண்டல்ல, 165 விமானங்கள்! அதற்குப் 'பகதூர்' என்று பெயர். இறக்கைக்கு மூன்று நிலைகள் உண்டு. 1999-ம் ஆண்டு கார்கில் போரில் அது பங்கு கொண்டது.

2019-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி ஜோத்பூரில் கடைசி மிக்-27 படைப்பிரிவு விடைபெற்றது. அத்துடன் நமது விமானப்படையில் நகரும் இறக்கைப் போர் விமானங்களின் காலம் முடிந்தது.

விமானத்தைக் கண்காட்சிச் சாலையில் நிறுத்தி வைக்கலாம். அந்த அச்சாணியைப் பல்லாண்டு காலம் பேணிய தொழிலாளியின் அனுபவத்தை எங்கே நிறுத்தி வைப்பது? எந்த இடத்தில் முதலில் தேய்மானம் காணும், எந்தச் சத்தம் வந்தால் கவலைப்பட வேண்டும், வெயில் காலத்தில் எதைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அது அவர் ஓய்வு பெறும்போது அவருடனேயே வீட்டுக்குப் போய்விடக் கூடாது. எழுதி வைக்க வேண்டும். அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கீல் இல்லாத இறக்கை

நகரும் இறக்கைக்கு மவுசு குறைந்த பிறகு, என்ஜினீயர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். கீலும் வேண்டாம், அச்சாணியும் வேண்டாம். பொருளே வளைந்து கொடுக்கட்டும்!

தூண்டில் கம்பில் பெரிய மீன் மாட்டினால் கம்பு வில்லாக வளைகிறது. மீனை எடுத்ததும் நேராகிவிடுகிறது. அதில் கீல் எதுவும் இல்லை. இந்த அடிப்படையில் பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தவர் ஸ்ரீதர் கோட்டா. இந்தியாவில் பிறந்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய கம்பெனி செய்த வளையும் பிளாப்பை ஒரு ஜெட் விமானத்தில் பொருத்தி, 2014-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் நாசா ஸ்தாபனம் பறக்கவிட்டது. மேல் நோக்கி 2 டிகிரி முதல் கீழ் நோக்கி 30 டிகிரி வரை அது வளைந்தது. வெளியே பிளவே தெரியவில்லை. பக்க ஓரங்களையும் வளையும் தோலால் மூடிவிட்டார்கள். பாதுகாப்பைக் கருதி, ஒவ்வொரு தடவையும் தரையிலேயே ஒரு கோணத்தில் வளைத்து வைத்துவிட்டுத்தான் பறந்தார்கள். சோதனை வெற்றி.

இன்னொரு பக்கம் போயிங் கம்பெனியின் 777-எக்ஸ் விமானம். 2020-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி அது முதன்முதலாகப் பறந்தது. அதன் இறக்கை நுனிகள் தரையில் மேல் நோக்கி மடங்கும். விரித்தால் இறக்கையின் அகலம் 71 மீட்டருக்கு மேல். மடக்கினால் 65 மீட்டருக்குள். நீண்ட இறக்கை எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆனால் விமான நிலையத்தில் நிறுத்த இடம் போதாது. அதனால்தான் இந்த மடிப்பு. நுனி விரிந்து பூட்டிக்கொள்ளாமல் விமானம் கிளம்பிவிடக் கூடாது என்பதற்கு எத்தனையோ எச்சரிக்கை ஏற்பாடுகள் செய்ய வேண்டியிருந்தது. ஒரு சின்ன மடிப்புக்கே இவ்வளவு கவலை!

கஷ்டம் எங்கே இருக்கிறது?

வளையும் இறக்கையின் மேல்தோல் இரண்டு வேலை செய்ய வேண்டும். வளைய வேண்டும், ஆனால் காற்று அழுத்தினால் குழியக் கூடாது. மிருதுவாகவும் இருக்க வேண்டும், விறைப்பாகவும் இருக்க வேண்டும். ஒரே ஆள் மாமியாருக்கும் மருமகளுக்கும் நல்லவராக இருப்பது போன்ற காரியம் இது.

தட்பவெப்பமும் தொல்லைதான். சென்னையில் தரையில் 40 டிகிரி வெயில். வானத்தில் உறைநிலைக்கும் கீழே 50 டிகிரி குளிர். ரப்பர் போன்ற பொருள் குளிரில் இறுகிவிடும். தவிர மழை உண்டு, இடி மின்னல் உண்டு, பறவை மோதுவதும் உண்டு.

வளைக்கும் சக்தி எங்கிருந்து வரும்? சூடு காட்டினால் பழைய உருவத்துக்குத் திரும்பும் உலோகக் கலவை இருக்கிறது. நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. நாசா அதைக் கொண்டு இறக்கை நுனியை மடக்கிப் பார்த்திருக்கிறது. ஆனால் அது சூடேறவும் ஆறவும் நேரம் பிடிக்கும். அவசரமான வேலைக்கு ஆகாது.

எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. கீல் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். வளையும் தோலுக்குள் அடுக்கு விட்டுப் போனால் எப்படித் தெரியும்? கார்பன் இழைகளால் செய்த விமானப் பாகங்களைச் சோதிக்க இன்று பல கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்துச் சத்தத்தைக் கேட்கும் பழைய முறை இன்னும் போய்விடவில்லை. நல்ல இடம் 'டிங்' என்னும். கெட்ட இடம் 'டப்' என்னும். 1856-ம் ஆண்டு திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, காதால் விரிசல் கண்டுபிடித்த தொழிலாளியின் வித்தைதானே இது?

மெட்ராஸ் அலை சொன்ன பாடம்

இனி நமது கடற்கரைக்கு வருவோம். விறைப்பை விட வளைந்து கொடுப்பது மேல் என்ற பாடம் இங்கே பழைய பாடம்.

சென்னைத் துறைமுகத்தைக் கட்ட ஆரம்பித்தது 1870-களின் நடுவில். அதற்கு முன்பு கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் பேரலை. ஆணி அடித்த வெள்ளைக்காரனின் விறைப்பான படகு அந்த அலையில் சிக்கித் தரையில் மோதினால் உடைந்து போகும். மசூலா படகு உடையாது. அதில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகே நெளிந்து கொடுக்கும்.

கட்டுமரமும் அப்படியே. பெயரிலேயே இருக்கிறது: கட்டிய மரம். அதன் பாயும் ஓர் இறக்கைதான். நிமிர்ந்து நிற்கும் இறக்கை. காற்றுக்கு ஏற்ப அதை இறுக்குவதும் தளர்த்துவதும், துணியின் துளை அடைபடக் கடல் நீரை வாரி இறைப்பதும் மீனவருக்குக் கைவந்த கலையாக இருந்தது.

"அந்தக் காலத்திலேயே நாம் விமானம் கண்டுபிடித்துவிட்டோம்" என்று மார் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. படகு வேறு, விமானம் வேறு. மணிக்கு 800 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் பொருளுக்குக் கணக்கும் சோதனையும்தான் கதி. நான் சொல்ல வருவது அந்தப் படகின் மறுபாதிக் கதையை.

மசூலா படகு சும்மா நிலைத்துவிடவில்லை. தையல் வழியே தண்ணீர் கசியும். ஓர் ஆள் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நார்க் கயிறு இற்றுப்போகும். அடிக்கடி பிரித்துத் தைக்க வேண்டும். கட்டுமரம் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே காயப் போட வேண்டும். இல்லாவிட்டால் நீர் ஊறிக் கனத்துவிடும். வளைந்து கொடுக்கும் பொருளுக்கு விலை இதுதான்: நாள்தோறும் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். அது மதிப்புள்ள தொழிலாகவும் இருந்தது. ராயபுரத்தின் புனித ராயப்பர் ஆலயம் 1829-ம் ஆண்டு எழுந்தது படகுத் தொழில் செய்தவர்கள் சேர்த்த நிதியால்தான்.

பேணுவதும் விஞ்ஞானமே

நகரும் இறக்கைக்கு வந்த தொல்லைகளை மறுபடி எண்ணிப் பாருங்கள். இறக்கை நகரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அது நன்றாகவே நகர்ந்தது. விரிசலைக் கண்டுபிடிப்பதிலும், பேணுகிற செலவிலும்தான் அது அடி வாங்கியது. நாளைக்கு வரப்போகும் வளையும் இறக்கைக்கும் பரீட்சை அங்கேதான்.

ஆனால் நம் நாட்டில் விமானம் என்றாலே இரண்டு பேரைத்தான் கொண்டாடுகிறோம்: ஓட்டுகிற விமானியை, படம் போடுகிற விஞ்ஞானியை. தரையில் படுத்துக்கொண்டு டார்ச் விளக்கு அடித்துப் பார்க்கிறவரை யாரும் நினைப்பதில்லை. பெரிய பழுது பார்க்கும் வேலைகளுக்காக நமது விமானங்களையும் என்ஜின்களையும் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பணம் கொடுத்து வந்திருக்கிறோம்.

இப்போது நல்ல காலம் வருகிறது. 2025-ம் ஆண்டு ஜூலையில், கோவையில் உள்ள லார்சன் அண்ட் டூப்ரோ தொழிற்சாலை, தேஜஸ் மார்க்-1ஏ விமானத்துக்கான முதல் இறக்கை ஜோடியை ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் செய்த இறக்கை! 2019-ம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவை, சேலம், திருச்சி, ஓசூர் ஆகிய ஊர்களுடன் சென்னையும் ஒன்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-ம் ஆண்டிலிருந்து விமானக் கல்வி தருகிறது. அப்துல் கலாம் படித்த இடம் அது. ஆளில்லா விமானங்களிலும் அது பெயர் வாங்கியிருக்கிறது.

வளையும் இறக்கையை நாமும் செய்து பார்க்க வேண்டும். முதலில் ஆளில்லாச் சிறு விமானத்தில் செய்யலாம். வேகம் குறைவு; படபடப்பு ஆபத்தும் குறைவு; விழுந்தால் உயிர்ச் சேதம் இல்லை. முழு இறக்கையையும் ஒரேயடியாக மாற்ற ஆசைப்பட வேண்டாம். ஓரத்தை மட்டும் வளைத்தால் போதும். எல்லாவற்றையும் மாற்றப் போய் எடையில் மூழ்கியவர்களின் கதையைத்தான் பார்த்தோமே!

முக்கியமாக ஒன்று. இறக்கையின் படத்தைப் போடும் முதல் நாளிலேயே, அதைப் பழுது பார்க்கப் போகிற தொழிலாளியையும் மேஜையில் உட்கார வைக்க வேண்டும். "இந்த இடத்தில் என் கை போகுமா? இதைக் கழற்ற எத்தனை நேரம் ஆகும்? உள்ளே கெட்டால் எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்கட்டும். அதற்குப் பதில் சொல்ல முடியாத இறக்கை காகிதத்தோடு நிற்கட்டும்.

அந்தத் தொழிலாளி எங்கிருந்து வருவார்? எண்ணூரில் லாரி செய்த கை இருக்கிறது. திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்த கை இருக்கிறது. காசிமேட்டில் நடுராத்திரியில் படகு என்ஜினைப் பிரித்து விடிவதற்குள் மாட்டிக் கொடுக்கும் மெக்கானிக் இருக்கிறார். கண்ணாடி நார்ப் படகில் விழுந்த ஓட்டையைப் பிசின் தடவி அடைக்கிறவர் இருக்கிறார். விமானத்தின் கார்பன் தோலுக்கும் இந்தக் கண்ணாடி நாருக்கும் உறவு உண்டு. இரண்டும் இழையும் பிசினும்தான். இவர்களுடைய பிள்ளைகளுக்கு முறையான படிப்பைக் கொடுத்தால் விமான வேலைக்கு வர மாட்டார்களா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிளஸ் டூவில் கணக்கும் பௌதிகமும் ரசாயனமும் படித்த பிள்ளை விமானப் பராமரிப்பு என்ஜினீயர் படிப்பில் சேரலாம். படித்து, மத்திய விமானப் போக்குவரத்துத் துறை நடத்தும் பரீட்சைகளில் தேறி, வேலை அனுபவமும் பெற்றால் லைசென்ஸ் கிடைக்கும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். ஐ.டி.ஐ. படித்த பிட்டருக்கும் வெல்டருக்கும் விமானத் தொழிற்சாலைகளில் வேலை உண்டு. "ஸ்பேனர் பிடிக்கிற வேலையா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். ஆணும் பெண்ணும் செய்யக்கூடிய வேலைதான்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. லைசென்ஸ் படிப்புக்குத் தனியார் பள்ளிகளில் கட்டணம் அதிகம். மீனவர் வீட்டுப் பிள்ளையும் துறைமுகக் கூலியின் பிள்ளையும் அதை எட்டிப் பிடிக்க முடியாது. வடசென்னை அரசாங்க ஐ.டி.ஐ.யில் கார்பன் இழை வேலையும் விமானப் பாகங்களைச் சோதிக்கும் வேலையும் கற்றுக் கொடுக்க ஒரு பிரிவு வேண்டும். கோவையில் இறக்கை செய்கிற நாம், அதைப் பேணுகிறவர்களைச் சென்னையில் தயார் செய்யலாம்.

உருவம் மாறும் இறக்கையை உலகில் யார் முதலில் செய்தார்கள் என்பதைச் சரித்திரம் எழுதும். யாருடைய இறக்கை இருபது ஆண்டு, முப்பது ஆண்டு பத்திரமாகப் பறந்தது என்பதைத்தான் பிரயாணி கேட்பான். அந்தக் கேள்விக்கு நமது பிள்ளைகள் பதில் சொல்லட்டும். அதற்கான வகுப்பறையை இப்போதே திறக்க வேண்டும்.